லைப்ரரி புத்தகமும் கடைசித் தேதியும்

இன்னைக்கு கொஞ்சம் வெட்கமான விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். தருமபுரியில லைப்ரரியில எடுத்த ஒரு பொது அறிவுப் புத்தகம், பெங்களூருல என் ரூம்ல ஏழு மாசம் கிடந்தது. ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் மறந்துடுவேன். அப்புறம் 'ஃபைன் எவ்வளவு ஆகியிருக்குமோ'ன்னு பயந்து, அந்தத் தெருப் பக்கமே போறதை விட்டுட்டேன்.

ஒருவழியா கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டின காசு பெங்களூரு பஸ் டிக்கெட்டை விடக் குறைச்சல்! ஆனா நூலகர் சொன்னதுதான் உறைச்சுது: "குரூப் 4 படிக்கிற ஒரு பொண்ணு மூணு தடவை இதைக் கேட்டுட்டுப் போச்சு தம்பி. இருக்கறதே ஒரு காப்பிதான்." பரீட்சை அதுக்குள்ள முடிஞ்சிருந்தது.

அந்த ஒரு காப்பியும் சும்மா வரல. 1948-ல எஸ்.ஆர்.ரங்கநாதன் முயற்சியில சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில இதுதான் முதல். அதுல இருந்து வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறாங்க. அதாவது அந்தப் பொண்ணு வீட்டுக் காசும் அதுல இருக்கு.

சரி, மறக்காம இருக்க என்ன வழி? லைப்ரரியோட பழைய முறையையே பாருங்க. புத்தகத்துக்குள்ள ஒரு சின்ன அட்டை இருக்கும். நாம எடுக்கும்போது அது நம்ம டிக்கெட் உறைக்குள்ள போய், ஒரு நீளப் பெட்டியில நிக்கும். புத்தகப் பேர் வரிசையில இல்ல, திருப்பித் தர வேண்டிய தேதி வரிசையில! இன்னைக்கு யார் வரணும்னு ஒரு பார்வையில தெரிஞ்சுடும். பிரௌன் முறைன்னு பேரு. கம்ப்யூட்டர் வந்த இடத்துலயும் யோசனை அதேதான்.

நானும் இப்போ அதையே போன்ல செய்யறேன். கவுன்ட்டர்ல நிக்கும்போதே தேதிச் சீட்டை போட்டோ எடுத்துடுவேன். ரிமைண்டர் கடைசித் தேதிக்கு வைக்கறதில்ல, அதுக்கு முன்னாடி நான் ஊர்ல இருக்கப் போற நாளுக்கு. இல்லேன்னா அலாரம் அடிக்கும், நான் ஓசூர் டிராஃபிக்ல நிப்பேன், என்ன பிரயோஜனம்? எங்க லைப்ரரிக்கு வார லீவு வெள்ளிக்கிழமை, அதையும் பார்த்துக்குவேன். படிச்சு முடியலைன்னா தேதிக்கு முன்னாடியே புதுப்பிக்கக் கேட்கலாம். வேற யாரும் கேட்டு வைக்காத புத்தகம்னா பெரும்பாலும் கொடுப்பாங்க.

ஃபைனே வேண்டாம்னு சொல்ற ஊர்களும் உண்டு. சிகாகோ 2019-ல எடுத்துட்டாங்க, நியூயார்க் 2021-ல. பயந்து ஒதுங்கினவங்க திரும்ப வரட்டும்னுதான். ஏழு மாசம் ஒளிஞ்சிருந்த எனக்கு அது நல்லாவே புரியுது. ஆனா நம்ம ஊர்ல இன்னும் ஃபைன் இருக்கு. உங்க ரூம்லயும் அப்படி ஒண்ணு கிடந்தா, அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது துணிக்கு முன்னாடி அதைப் பையில வைங்க. புத்தகம் தொலைஞ்சே போச்சுன்னாலும் போய்ச் சொல்லுங்க. அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்கலாமா, விலையைக் கட்டணுமான்னு அவங்களே சொல்வாங்க.