9 மி.மீ. தோட்டா

கைத்துப்பாக்கிக்கும் தோளில் அணைத்துச் சுடும் கார்பைனுக்கும் பொதுவாகப் பயன்படும் தோட்டாக்களில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது 9 மி.மீ. பாராபெல்லம். இதை வடிவமைத்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய கேயார்க் லூகர். முந்தைய 7.65 மி.மீ. தோட்டாவின் பித்தளைக் கூடு, பாட்டில் கழுத்தைப் போல வாய்ப்பக்கம் ஒடுங்கியிருந்தது. 1902 வாக்கில் அந்த ஒடுக்கத்தை நீக்கி, இன்னும் பருத்த குண்டைப் பொருத்தினார் லூகர். ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் இந்தத் தோட்டாவை ஏற்றுக்கொண்டன.

பேச்சு வழக்கில் தோட்டாவும் குண்டும் ஒன்றுபோல வழங்கினாலும், குண்டு தோட்டாவின் ஒரு பகுதிதான். கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்தியதும் தீப்பொறி பறந்து மருந்து பற்றுகிறது. அதிலிருந்து எழும் வாயு குண்டை உந்தித் தள்ளுகிறது.

பிரைமர் அடிப்பாகத்தின் நடுவில் அமைந்திருப்பது சிறிய செய்தியல்ல. .22 அங்குலத் தோட்டாவில் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி நசுக்குவதற்கு ஏற்ப அந்த விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. நடுவில் தனிப் பிரைமரை வைத்ததால் அடிப்பாகத்தைத் தடிமனாக்க முடிந்தது. 9 மி.மீ. தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 2,300 மடங்கு வரை போகலாம். பித்தளையைத் தேர்ந்ததிலும் நுட்பம் உண்டு. சுடும் கணத்தில் கூடு விரிந்து துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்குவதால் எளிதாக வெளியே வந்து விழுகிறது.

கூட்டின் நீளம் 19 மி.மீ.; முழுத் தோட்டாவும் 3 செ.மீ.க்குள் அடங்கும். 7.5 அல்லது 8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது.

கார்பைனின் நீண்ட குழலில் இந்த வேகம் ஓரளவு கூடும். மருந்து கொஞ்சமாகவும் விரைவாக எரிவதாகவும் இருப்பதால் கூடுதல் பெரிதாக இராது. கார்பைனின் உண்மையான பயன் தோளில் அணைத்து, இரு கைகளாலும் பிடித்து, அசையாமல் குறிபார்க்க முடிவதே. பிரிட்டனின் ஸ்டெர்லிங் துப்பாக்கியை அடியொற்றிக் கான்பூரில் தயாரான 9 மி.மீ. கார்பைன் இந்தியப் போலீசாரிடம் நெடுங்காலம் இருந்தது.

குண்டின் முனைக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் ரைபிளுக்காகச் செய்த, உடலுக்குள் விரியும் குண்டுகள் கொடிய காயங்களை உண்டாக்கின. அவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை விதித்தது. ஆகவே ராணுவங்கள் ஈயக் குண்டின் முனையை உலோக உறையால் முழுதும் மூடிப் பயன்படுத்துகின்றன. ஆனால் பல நாடுகளின் காவல்துறைகள் முனையில் குழியுள்ள, உடலுக்குள் விரியும் குண்டையே விரும்புகின்றன: இலக்கைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவர் மீது பாயும் ஆபத்து அதில் குறைவு.