எண்ணெய் அற்றுப்போன நாளின் கதை

2007 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவில் கென் எக்லண்ட் என்பவர் முன்னின்று தொடங்கிய ‘எண்ணெயற்ற உலகம்’ என்னும் இணைய விளையாட்டில், ஒரு நாளை ஒரு கற்பனை வாரமாகக் கொண்டு, எரிபொருள் பஞ்சத்தின் 32 வாரங்களைச் சாதாரண ஜனங்கள் பலர் கூடி ஒரு விஞ்ஞானக் கற்பனைக் கதையாக எழுதினர். நெருக்கடியின் போக்கை மட்டும் நடத்துவோர் அறிவிக்க, தம் தெருவிலும் அடுக்களையிலும் அதன் விளைவு யாதென்பதை ஒவ்வொருவரும் நாட்குறிப்பாகவோ குரற்பதிவாகவோ சொல்வதும், ஒருவர் சொன்னதை மற்றவர் மெய்யென ஏற்றுத் தொடர்வதுமே அதன் தர்மம்.

எண்ணெய் எடுக்கும் மத்திய அரசு நிறுவனத்தின் காவிரிப் படுகை அலுவலகம் நிரவியில் இருக்க, வரி குறைவென்று அண்டை ஊரார் எல்லை கடந்து வந்து பெட்ரோல் நிரப்பிச் செல்லும் காரைக்காலுக்கு இவ்விளையாட்டு எத்துணைப் பொருத்தமானது! டீசல் இன்றிப் பட்டினச்சேரி விசைப்படகுகள் கரையில் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது யார்? சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றுக்கு யாத்திரிகர் எவ்வாறு வருவர்? மீன் விற்கும் பெண்மணியும் கடைமடைக் குத்தகை விவசாயியும் கல்லூரி மாணவனும் ஒரே பாயில் அமர்ந்து இவ்வினாக்களுக்குக் கதையாக விடை சொல்வார்களாயின், யாருடைய பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பது, புள்ளிவிவரங்கள் தராத தெளிவோடு புலப்படும். நம் பள்ளி ஆசிரியர்கள் இதை நடத்திப் பார்க்க வேண்டுமென்பது என் அபிலாஷை. கணினி அவசியமில்லை, காகிதமும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.