அளவும் நம்பிக்கையும் – 7
ஒரே துடிப்பில் பல கருவிகள்

தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி 2001 மார்ச் 23 அன்று இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது. அத்தகைய ஆட்டத்தை நேரலையில் காட்டும்போது ஒரு கமராவிலிருந்து மற்றொன்றுக்குப் படம் துள்ளாமல் மாற வேண்டும். அதற்காகக் கமராக்கள் எல்லாம் ஒரே மூலச் சைகைக்கு இசைந்து ஓடுகின்றன. அந்தச் சைகையைப் பல வடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவே ஒளிபரப்புத் துறை வீடியோ பகிர்வுப் பெருக்கி என்ற எளிய பெட்டியை உருவாக்கியது. ஒளிபரப்பு எண்மத்துக்கு மாறியபின் ஒதுக்கப்பட்ட இந்தப் பழைய பெட்டிகள், நம் கல்லூரி ஆய்கூடங்களின் நெடுநாள் குறையொன்றைத் தீர்க்கக்கூடியவை.

அந்தக் குறை, கருவிகளுக்கிடையே உள்ள ஒவ்வாமை. ஒவ்வொரு கருவியும் தனக்குள் இருக்கும் பளிங்கை நம்பியே மீடிறனை அளக்கிறது. அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 100 கோடி ஹேர்ட்ஸில் பிழை 1,000 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். சைகையைத் தரும் கருவி அந்த அளவு கூடவும் அளவி அதே அளவு குறையவும் பிசகினால் இரண்டும் 2,000 ஹேர்ட்ஸ் முரண்படும். எதைக் குற்றம் சொல்வது? ஜிபிஎஸ் செய்மதிகளின் அணுக் கடிகாரங்களைப் பின்தொடரும் 10 மெகாஹேர்ட்ஸ் மூலக் கருவி ஒன்றே, ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வரை நம்பத்தக்க துடிப்பைத் தரும். அதை எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்துவிட்டால் முரண்பாடு நீங்கும்.

வடத்தை நேரே கிளைபிரித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு கருவியைக் கழற்றினாலே மற்றவற்றின் சைகை மாறும்; ஒன்றின் இரைச்சல் இன்னொன்றுக்குள் புகும். பகிர்வுப் பெருக்கியில் ஒவ்வொரு வாயிலுக்கும் தனிக் காப்பு உண்டு. அந்தப் பெருக்கி 75 ஓமுக்கானது, கருவிகளோ 50 ஓமுக்கானவை என்பது அடுத்த ஆட்சேபம். அந்தப் பொருத்தமின்மையால் திரும்பி வருவது வலுவில் 4 சதவீதம் மட்டுமே. அதையும் தடைகளை மாற்றிச் சரிசெய்யலாம். 5 மெகாஹேர்ட்ஸ் அளவிலான படத்துக்குச் செய்த பெட்டி 10 மெகாஹேர்ட்ஸைக் கடத்துமா என்ற ஐயம் நியாயமானது. இங்கே கடத்த வேண்டியது ஒரே மீடிறன் என்பதால் சிறிது மட்டம் குறைந்தாலும் பாதகமில்லை. ஆயினும் அலைகாட்டியில் பார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

கட்ட இரைச்சலை நுணுகி அளக்கும் ஆய்வுக்கு இது போதாது. அங்கே அதற்கென்றே செய்த விலையுயர்ந்த பெருக்கிதான் வேண்டும். மாணவர் பயிற்சிக்கும் பழுதுபார்க்கும் மேசைக்கும் இதுவே தாராளம். ஆகவே பழைய ஒளிபரப்புப் பெட்டிகளை இரும்புக்கடைக்கு அனுப்புமுன், அருகிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிடம் ஒரு சொல் கேளுங்கள்.