பழுதான சாமானும் முகதாட்சணியமும்

கரிசல் பூமியில் மிளகாயும் பருத்தியும் விலையாகிக் கையில் நாலு காசு புரளும் மாசி, பங்குனி மாதங்களில்தான் குடியானவர் வீடுகளுக்குப் புதுச் சாமான்கள் வந்து சேருகின்றன. தறி வீடுகளிலோ தீபாவளி போனஸை நம்பியே கிரைண்டரும் மின்விசிறியும் வாங்கப்படுகின்றன. ஆண்டெல்லாம் உழைத்துச் சேர்த்த பணம் இவ்வாறு ஒரே நாளில் கடைக்குப் போய்விடுகிறது. அச்சாமான் பத்தாம் நாளே ஓடாமல் நின்றுவிட்டால் என் செய்வது? விளாத்திகுளம் வட்டாரத்து அங்கத்தினர்கள் இதுபற்றி அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இங்கே தொகுத்துக் கூற விரும்புகிறோம்.

மாடு பிடிப்பதில் நம்மவரை ஏமாற்றுவது எளிதன்று. தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுவர். ஆனால், ஒட்டி மூடிய அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் மிக்ஸிக்குப் பல் பார்ப்பது யாரால் இயலும்? 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இந்நிலைமையை உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. முன்னரே சோதித்துப் பாராத பொருளை வாங்கியவர், அதைச் சோதிக்கத் தக்க வாய்ப்புப் பெறும் வரையில், ஏற்றுக்கொண்டுவிட்டதாகக் கருதலாகாது என்பது அச்சட்டத்தின் விதி. குறையைக் கண்ணாரக் கண்டு, அதற்காகவே விலை குறைத்து வாங்கிய சரக்குக்கு இவ்விதி துணை வராது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டினால், பலர் வாய் திறவாமல் வீடு திரும்புகின்றனர். அச்சிட்டதெல்லாம் சட்டமாகிவிடாது. இவ்வாசகம் நேர்மையற்ற வணிக முறையின் பாற்படும் என்று 1999-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019-இல் நிறைவேறி, 2020 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டம் இதனை ஐயமறக் கூறுகிறது. பழுதான பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்று விலையைக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக முறையாகும். பில் கொடுக்காமல் விற்பதும் அவ்வாறே. ஆயின், நிறம் பிடிக்கவில்லை, அடுத்த கடையில் விலை குறைவு என்பன போன்ற காரணங்களுக்காகத் திருப்பித் தரும் உரிமையை இச்சட்டம் வழங்கவில்லை. பொருளில் பழுது இருத்தல் வேண்டும்.

நிற்க, நம் கிராமங்களில் சட்டத்தை அறியாமை ஒரு தடை என்றால், முகதாட்சணியம் அதனினும் பெரிய தடையாகும். கடைக்காரர் தெரிந்தவர்; பாதி விலை கொடுத்து மீதியை அறுவடைக்குப் பின் தருவதாகத் தவணை சொல்லி வாங்கியிருப்போம். பாக்கி வைத்துக்கொண்டு எப்படிக் குறை சொல்வது என்று நாணி, ஓடாத சாமானுக்கு ஒழுங்காகத் தவணை கட்டிவரும் குடும்பங்களும் உண்டு. இந்த நாணத்திற்கு இடமே இல்லை. முழு விலை கொடுத்தவர் மட்டுமன்றி, பகுதி கொடுத்துப் பகுதி தருவதாக ஒப்புக்கொண்டவரும், தவணை முறையில் வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. வாங்கியவர் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்தும் வீட்டாருக்கும் அவ்வுரிமை உண்டு. கடன் வேறு, பழுது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க விடலாகாது.

நெசவாளர்களுக்கு மற்றோர் ஐயம் எழக்கூடும். பிழைப்புக்காக வாங்கும் தையல் இயந்திரமும் தறிச் சாமானும் வியாபாரத்துக்கானவை அல்லவா என்பதே அது. தானே உழைத்து ஜீவனம் நடத்துவதற்காக மட்டும் இயந்திரம் வாங்கியவர் நுகர்வோரே என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்நிலை மாறாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995-இல் ஒரு வழக்கில் விளக்கியுள்ளது. லாபங் கருதிப் பெருந்தொழில் நடத்துவோர்க்கே இச்சட்டத்தில் இடமில்லை.

இனி, செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம். பில்லையும், கடை முத்திரையிட்ட உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துக. பழுது கண்டவுடன் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்க வேண்டாம். பிரித்ததையே காரணங் காட்டி மறுப்பார்கள். பொருளுடன் கடைக்குச் செல்லும்போது பில்லின் நகலை மட்டும் கொடுத்து, மூலத்தைக் கையில் வைத்துக்கொள்க. பொருளை விட்டுவந்தால், பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குக. நல்ல வார்த்தை பலிக்காவிடில், குறையைக் கடிதமாக எழுதி விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பாதுகாத்திடுக. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொலைபேசியிலும் முறையிடலாம்.

அதற்கும் இணங்காவிடில் தூத்துக்குடியிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். சாமானை மதுரையிலோ சென்னையிலோ வாங்கியிருப்பினும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்ய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். பழுதை நீக்கவும், வேறு பொருள் தரவும், விலையைத் திருப்பவும், நஷ்ட ஈடு வழங்கவும் உத்தரவிட ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. மனு எழுத இயலாதவர்க்கு எழுதிக் கொடுத்து உதவுவதைச் சங்கங்கள் தம் கடமைகளுள் ஒன்றாக மேற்கொண்டால் பெரும் நன்மை விளையும்.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் கூட்டுறவுக் கடை தொடங்கியபோது, கலப்பற்ற பண்டத்தையும் சரியான எடையையுமே தம் கொள்கையாகக் கொண்டனர். அவ்வழி வந்த நாம் இரு பக்கமும் நிற்பவர்கள். கடையில் வாங்குவோராகிய நாமே துணியும் தானியமும் விற்போராகவும் இருக்கிறோம். சாயம் போன சேலையை ஒருவர் நம் சங்கத்திற்குத் திருப்பிக் கொண்டுவந்தால், முகங் கோணாமல் வாங்கிக்கொள்வோமாக. அப்பொழுதுதான் பழுதான சாமானைக் கையிலேந்திக் கடைப்படி ஏறும்போது நாமும் தலை நிமிர்ந்து நிற்க முடியும்.