கறுப்பு – 7: ஆணியைச் சுற்றி ஒரு வளையம்

கருங்காலி கிடைப்பது அரிதானபோது, மற்ற மரங்களைக் கருங்காலியாக்கும் வேலை தொடங்கியது என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் அரக்குப் பாலிஷில் கறுப்பு ஏற்றுவதைச் சொல்ல வேண்டும். ஆனால் வெள்ளகோவில் பக்கம் பார்த்த ஒரு வண்டிச் சக்கரம் குறுக்கே வந்துவிட்டது.

தச்சுப் பட்டறை ஓரத்தில் பழைய சக்கரத்தைக் கழற்றி, வட்டை வேறு ஆரக்கால் வேறாகப் போட்டிருந்தார்கள். கருவேல மரம். இரும்புப் பட்டா இறுக்கியிருந்த முதுகு முழுக்கக் கன்னங்கரேல் என்றிருந்தது. ஒரு வட்டையில் ஆணி இருந்த துளை. அதைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம், ஓரத்தில் நீலம் கலந்த சாம்பல், அதற்கப்பால் மரத்தின் செம்பழுப்பு. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஆசாரி அதை வாங்கி இரண்டு இழைப்பு இழைத்துக் காட்டினார். உள்ளேயும் கறுப்புதான்.

“வேலா மரத்துல இரும்பு எறங்கி, மழையும் பட்டா கருக்காம என்னங்க பண்ணும்?” என்றார்.

இந்தத் தொடரில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த வட்டையில் இருந்தது. கறுப்பை மரத்தின்மேல் பூசவும் செய்யலாம், மரத்துக்குள்ளேயே பிறக்கவும் வைக்கலாம். இரண்டாவதுதான் உயர்ந்தது. எனாமல் பெயின்ட் அடித்த நாற்காலியில் மரத்தின் ரேகை செத்துவிடும். கைப்பிடி தேய்ந்ததும் பெயின்ட் பெயர்ந்து வெள்ளை பல்லிளிக்கும். உள்ளே பிறந்த கறுப்பில் ஒவ்வொரு ரேகையும் தெரியும்.

காரணம் துவர்ப்பு. டானின் என்ற துவர்ப்புச் சத்து, ஈரத்தில் கரைந்த இரும்போடு சேர்ந்து, காற்றும் பட்டால் கறுக்கிறது. கருவேலம் பட்டையிலும் ஆவாரம் பட்டையிலும் அது ஏராளம். தோல் பதனிட அவற்றைத்தான் ஊறப்போட்டார்கள். காய்ந்த கடுக்காயில் ஏறக்குறைய 30 சதவீதம் டானின்தான். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் எழுதும் மை.

கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு வருவதும் இப்படித்தான். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். துணியை முன்னதாகவே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்தியிருப்பார்கள். வடிகட்டிய இரும்புத் தண்ணீர் கலம் என்னும் எழுதுகோலிலிருந்து இறங்கும்போது வெளிறித்தான் இருக்கும்; துணியில் பட்டதும் கோடு கறுக்கும். வண்டிப் பட்டாவும் கலம்காரிக் கோடும் ஒரே வேதியியல் என்பது இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கலம்காரித் துணியோடு, செதுக்கு வேலை செய்த கருங்காலி நாற்காலிகளும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. நூறாண்டு கழித்து லண்டன் அருகே ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையை அலங்கரித்த ஹொரேஸ் வால்போல், அப்படிப்பட்ட நாற்காலிகளை டியூடர் மன்னர் காலத்து இங்கிலாந்து வேலை என்றே நம்பி வாங்கினார். நம் கரையோரத் தச்சர்களின் உளி அங்கே அந்நாட்டுப் பழம்பெருமையாக உட்கார்ந்திருந்தது.

இனி, மரத்துக்குள் கறுப்பைப் பிறக்க வைக்கும் செய்முறை. துருப்பிடித்த பழைய ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு உதவாது. வாயு கிளம்பும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மரத்தை ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். இதை விட்டால் பிறகு சொரசொரப்பு போகாது. கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து வடித்த கஷாயத்தைத் தூரிகையால் பூசி உலர்த்துங்கள். அதன்மேல் இரும்புத் தண்ணீர். முதலில் சாம்பல் நிறம்தான் வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். போதவில்லை என்றால் மறுபடியும் கடுக்காய், மறுபடியும் இரும்பு. நன்றாகக் காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் கறுப்புக்கு ஆழம் வரும்.

வேல மரத்தின் வைரத்தில் சொந்தத் துவர்ப்பே இருக்கிறது. வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே நிற்கும் வெள்வேல மரங்களும் அந்த இனம்தான். ரப்பர் மரத்தில் துவர்ப்பு குறைவு. கடுக்காய் இல்லாமல் அது வெறும் சாம்பல் பூக்கும். சப்பைக் கட்டையும் அப்படியே: ஒரே பலகையில் வைரம் கறுத்து, சப்பை திட்டாக வெளுத்து நிற்கும். அங்கே கஷாயத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எதற்கும் துண்டுக் கட்டையில் பார்த்துவிட்டு மேசையில் கை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வட்டையில் கறுப்பு ஆழமாக இறங்கப் பல மழைக்காலம் ஆகியிருக்கும். தூரிகையால் நாம் ஏற்றுவது மெல்லிய தோல்தான். அதன்மேல் உப்புத்தாள் போட்டால் செம்பழுப்பு எட்டிப்பார்த்துவிடும். அந்தத் தோலைக் காப்பதற்குத்தான் அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கையும், அதில் கறுப்புச் சாயம் கலக்கும் அளவையும், பஞ்சு உருண்டை பிடிக்கும் விதத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.