யூனிகார்ன்: ஒரு பழங்கணினியின் உள்ளே

அத்திபெலே கர்நாடக-தமிழக எல்லையூர், ஒரு பக்கம் ஓசூரின் தொழிற்சாலைகள், மறுபக்கம் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி. ஆர்.கே. பாலிகா என்பவரின் தீர்க்கதரிசனத்தை ஏற்றுக் கியோனிக்ஸ் என்னும் கர்நாடக அரசு ஸ்தாபனம் 1978-ஆம் ஆண்டில், கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கர் நிலத்தில் அமைத்த அந்தப் பேட்டை, அன்று முதல் கணினிகளை வாங்கிக்கொண்டும் கழித்துக்கொண்டும் வந்திருக்கிறது. ஆகவே சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்து இவ்வூரில் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில், பத்து அல்லது பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அப்பிள்ளையோடு உட்கார்ந்து வேலை செய்ய விருப்பமுள்ள தாயோ தந்தையோ இருப்பார்களாயின், பழங்கணினி சேகரித்தல் என்னும் பொழுதுபோக்குக்கு இதைவிட வாய்ப்பான இடம் தென்னாட்டில் அதிகம் இல்லை.

பழங்கணினி என்றதும் ஆப்பிள், காமடோர் முதலிய அயல்நாட்டுப் பெயர்களே பலருக்கு நினைவு வரும். நம் தேசத்தில் தயாரான ஒன்றைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன். 1984-85-ஆம் ஆண்டில் மத்திய அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகம் செய்யும் பொருட்டு, ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைச் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. அதனையே பஞ்சாபின் மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்னும் அரசு நிறுவனம் ‘எஸ்.சி.எல். யூனிகார்ன்’ என்ற பெயரால் இந்தியாவில் தயாரித்தது. 1989 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. ஒரு தலைமுறைக்குக் கணினியின் அட்சராப்பியாசத்தைச் செய்துவைத்த யூனிகார்னை இன்று பெயரளவில் அறிந்தவர்களும் மிகச் சிலரே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

இந்த இயந்திரத்தைப் பிள்ளைகளுக்கு உகந்தது என்று நான் சொல்வதற்குக் காரணம், இதன் உள்ளமைப்பு முழுவதும் ஒரு சிறுவனின் அல்லது சிறுமியின் அறிவுக்குள் அடங்கிவிடும் என்பதே. பிபிசி மைக்ரோவின் மூடியை நான்கு திருகாணிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன; அவற்றைக் கழற்றி மூடியைத் தூக்கினால், இக்காலத்துக் கைப்பேசியைப் போல ஒட்டி மூடப்பட்ட ரகசியம் எதுவும் அங்கே இல்லை. ஒவ்வொரு சில்லும் தன் பெயரை முதுகில் தாங்கிக் கண்ணெதிரே கிடக்கிறது. நாற்பது கால்களுடைய 6502 என்ற செயலிதான் அதன் மூளை. சக் பெடில், பில் மென்ஷ் முதலியோரால் உருவாக்கப்பட்டு, 1975-ஆம் ஆண்டில் 25 டாலருக்கு விற்கப்பட்ட அந்தச் சில்லு, அதுவரை நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்தாலன்றிக் கிட்டாத ஒரு சக்தியைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. அதனுள் இருப்பவை ஏறக்குறைய 3,500 டிரான்சிஸ்டர்களே. இன்றைய செயலிகளில் அவை பல நூறு கோடிகள்.

6502 சுட்டக்கூடிய விலாசங்கள் 65,536, அதாவது 64 கிலோபைட். இவற்றுள் பாதியாகிய 32 கிலோபைட், எழுதவும் அழிக்கவும் கூடிய நினைவகம். எஞ்சியதில் 16 கிலோபைட், இயந்திரத்தை நடத்தும் நிரந்தர நிரலுக்கு. மற்றொரு 16 கிலோபைட், ஏகார்ன் கம்பெனியின் சோஃபி வில்சன் எழுதிய பேசிக் என்னும் நிரல் மொழிக்கு. இந்த வரைபடத்தை ஒரு தாளில் பிள்ளையே வரைந்துவிடலாம். வரைந்தபின் கணினி என்பது மாயம் என்ற எண்ணம் அகன்று, விலாசமிட்ட அறைகளின் வரிசை என்ற தெளிவு பிறக்கும். 1960-இல் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிய, நம் நாட்டின் முதற் கணினிகளுள் ஒன்றாகிய டிஃப்ராக், ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டும் பெற்றிருந்த நினைவகம் 40 பிட் அளவுள்ள 2,048 சொற்கள், அதாவது 10 கிலோபைட் மாத்திரமே என்பதையும் இவ்விடத்தில் ஒப்பிட்டுக் காட்டலாம்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. செயலி நினைவகத்தை நாடும் அதே சமயத்தில், திரையில் படம் வரையும் சில்லும் அதே நினைவகத்தைப் படிக்க வேண்டும். ஏகார்னின் ஸ்டீவ் ஃபர்பரும் அவருடைய தோழர்களும், வினாடிக்கு 40 லட்சம் தடவை பதில் சொல்லவல்ல நினைவகத்தை வைத்து, ஒரே கிணற்றில் இரு வீட்டார் முறைவைத்து நீர் இறைப்பது போல, இரண்டு சில்லுகளுக்கும் மாறிமாறித் தலா 20 லட்சம் தடவை வழிவிட்டார்கள். இதனால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க நேர்வதில்லை. ஆயினும் வண்ணப்படத்துக்குரிய திரைமுறையைத் தேர்ந்தெடுத்தால் நினைவகத்தில் 20 கிலோபைட்டைத் திரையே விழுங்கிவிடும். எழுத்துக்கான ஏழாம் முறையிலோ ஒரே கிலோபைட் போதும். அழகு வேண்டுமா, இடம் வேண்டுமா என்று பிள்ளை தானே யோசித்து முடிவுசெய்ய வேண்டிய இந்த நிர்ப்பந்தத்தை, நிரல் எழுதக் கற்பதற்குக் கிடைத்த பாக்கியமாகவே நான் கருதுகிறேன். வில்சனும் ஃபர்பரும் பின்னர் வடிவமைத்த ஆர்ம் செயலி 1985 ஏப்ரலில் முதன்முறையாக இயங்கியபோது, அதைப் பரீட்சிக்க உதவியதும் ஒரு பிபிசி மைக்ரோவே. அந்த ஆர்மின் வம்சம்தான் இன்று அனேகமாக ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கிறது.

எங்கே தேடுவது? பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு, ஓசூர் சாலையை ஒட்டிய குஜரிக் கடைகள் என்னும் பழம்பொருள் கடைகள், பழைய பொருள்களை எளிதில் எறிந்துவிடாத பள்ளிகளின் ஆய்வுக்கூட அலமாரிகள் ஆகியவற்றை விசாரிக்கலாம். யூனிகார்ன் அரிது; கிடைக்கவில்லையே என்று சோர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின், 386 என்ற செயலியுள்ள ஒரு கணினியும் தொடங்கப் போதுமானதே.

கிடைத்தவுடன் மின்சாரத்தில் இணைத்துவிடும் ஆவல் எழும். அதைக் கண்டிப்பாக அடக்க வேண்டும். பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில், காகிதத்தையும் உலோகப் பூச்சையும் சுற்றிப் பிசினில் பொதிந்த மின்தேக்கிகள் உள்ளன. வருஷங்கள் செல்லச் செல்ல அந்தப் பிசினில் விரிசல் கண்டு ஈரம் உட்புகுவதால், மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்தில் அவை வெடித்து, அறை முழுவதும் நெடியுள்ள புகையைப் பரப்பும். அவற்றை முன்னதாகவே மாற்றிவிடுவது நலம். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்வழங்கியிலும் பழைய படக்குழாய்த் திரையிலும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடுமாதலால், அவற்றைத் திறக்கும் வேலை பெரியவர்களுடையது. அவர்களும் பழக்கமில்லாவிடில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுக்கட்டும்.

பிள்ளையின் கைக்கு ஏற்ற வேலைகளும் நிறைய உண்டு. 386 கணினிகளின் மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைத்திருக்கும் சிறு நிக்கல்-காட்மியம் பாட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும்; பெரியவர் அதை அகற்றியபின், கையுறை அணிந்து, வெள்ளை வினிகர் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் அந்தக் காரத்தைச் சமனப்படுத்தி, பின்பு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். மஞ்சள் படிந்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வயதின் நிறம் இயந்திரத்துக்குக் குறையன்று.

யாவற்றினும் அவசரமானவை கேசட்டுகள். அக்காலத்தில் நிரல்களைச் சேமிக்கப் பாட்டுக் கேசட்டே பயன்பட்டது: 1200 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை பூஜ்யத்தையும், 2400 ஹெர்ட்ஸ் ஒலியின் இரண்டு அலைகள் ஒன்றையும் குறித்தன. வினாடிக்குச் சுமார் 120 பைட் வீதம், பத்துக் கிலோபைட் நிரல் ஏறுவதற்கு ஒன்றரை நிமிஷம் பிடிக்கும். அந்த இரைச்சலைக் காதால் கேட்கும் பிள்ளைக்குத் தகவல் என்பது பிரத்தியட்சமான பொருளாகிவிடுகிறது. விற்பனைக்கு வந்த விளையாட்டுகளின் பிரதிகள் உலகெங்கும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் நம் பள்ளிகளில் ஆசிரியரும் மாணவரும் எழுதியவை, அவர்கள் பதிந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. அந்நாடாக்களில் மழைக்காலந்தோறும் பூஞ்சை ஏறுகிறது. ஆகையால் அப்படிப்பட்ட கேசட் ஒன்று அகப்பட்டால், கணினியைப் பழுதுபார்த்து முடிக்கும் வரையில் காத்திராமல், ஒரு சாதாரண டேப் ரிக்கார்டரையும் ஆடியோ கம்பியையும் கொண்டு வீட்டுக் கணினியில் சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகப் பதிந்துகொள்ள வேண்டும். ஒலி மங்கலாகக் கேட்டால், ரிக்கார்டரின் தலையருகே உள்ள சிறு திருகாணியைப் பெரியவர் மெல்லத் திருப்பட்டும், தெளிவு பிறக்கும் இடத்தைப் பிள்ளை கேட்டுச் சொல்லட்டும். கேசட் எந்தப் பள்ளியிலிருந்து வந்தது, எந்த ஆண்டினது, அதன் உறையில் யாருடைய கையெழுத்தில் என்ன எழுதியிருந்தது என்ற விவரங்களையும் அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துவைப்பது அவசியம்.