பந்துக்கு எட்டுச் சுழி

எண்ணெய் வைத்து எவ்வளவு படிய வாரினாலும் குழந்தையின் உச்சியில் சுழி நிற்கத்தான் செய்யும். சீப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உருண்டை முழுக்க முடி முளைத்திருந்தால் ஓரிடத்திலும் சுழியோ வகிடோ விழாமல் வாரவே முடியாது என்று 1912-இல் நிறுவியவர் டச்சுக் கணிதர் பிரௌவர்.

கார்த் தகடு எங்கே எவ்வளவு வளையும் என்று கணினியில் சோதிப்பவர்களுக்கும் இதே தலைவலி. அந்தப் பரப்பைச் சின்னச் சின்ன நாற்கரங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன், கட்டம் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்று காட்ட, புள்ளிக்குப் புள்ளி ஒரு கூட்டல் குறி. இந்தக் குறிகளின் கூட்டம்தான் திசைப்புலம். பக்கத்துப் பக்கத்துக் குறிகள் வெடுக்கென்று திரும்பினால் கட்டம் கோணிவிடும்.

சராசரி எடுத்தால் போயிற்று என்று தோன்றும். ஒரு குறி 1 பாகை சாய்ந்திருக்கிறது, அடுத்தது 89. சராசரி 45. தப்பு! கூட்டல் குறியை 90 பாகை திருப்பினால் பழைய குறியே வரும். ஆக, 89 என்பது மைனஸ் 1. நிஜ வித்தியாசம் 2 பாகைதான். தீர்வு என்ன? கோணத்தை 4-ஆல் பெருக்குவது. ஒரே குறியின் நான்கு கைகள் 10, 100, 190, 280 பாகையில் இருக்கட்டும். பெருக்கி, முழுச் சுற்றுகளைக் கழித்தால் நான்குமே 40. இனி அந்தக் கோணங்களை ஒரே நீள அம்புகளாக வரைந்து, தைரியமாக அம்புகளின் சராசரி எடுத்து, வரும் கோணத்தைக் கடைசியில் 4-ஆல் வகுக்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது, பள்ளிக் கணக்குதானே! இதன் மேல் நின்றுதான் 2013-இல் நோப்பெல், கிரேன், பிங்கால், ஷ்ரோடர் என்ற நான்கு ஆய்வாளர்கள் மிகச் சீரான புலத்தை ஒரே ஐகன் மதிப்பு (eigenvalue) என்ற அணிக் கணக்கில் பிடித்தார்கள். குறிகள் ஒத்துப்போக முடியாத புள்ளிகளான சுழிகளுக்குக் கணக்கே இடம் பார்த்துவிடும்.

இடம்தான் அதன் கையில்; சுழிகளின் கூட்டுத்தொகை இல்லை. ரூபிக் கனசதுரத்தைப் பாருங்கள். மற்ற இடங்களில் நான்கு கட்டங்கள் கூடும், மூலையில் மூன்று. ஒன்று குறைந்தால் கால் சுழி. எட்டு மூலைக்கு 2. உருண்டை எப்படி நசுங்கினாலும் இந்த 2 மாறாது. எங்காவது ஐந்து கட்டம் கூடினால் அது மைனஸ் கால். ஈடுகட்ட இன்னொரு மூன்று முளைக்கும். மெதுவடைக்குத் தொகை 0. சுழியே இல்லாமல் கட்டம் போடலாம்.

அப்படியானால் வழவழப்பான பந்தில் எட்டுச் சுழியும் கனசதுர மூலைகளில் உட்காரும் என்றுதானே நினைப்போம்? உட்காருவதில்லை. ஒன்றையொன்று தள்ளுகின்றன. மேல் நான்கும் கீழ் நான்குக்கு நேராக நிற்காமல், 45 பாகை திரும்பி இடைவெளி பார்த்து நிற்கின்றன. பந்தின் மேல் எட்டு எலெக்ட்ரான்களை விட்டாலும் இப்படித்தான் நிற்கும்.